சோடாபுட்டிக்காரர்களின் புரை

கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்குச் சில கணக்குகள் தானாகவே பிடிபட்டுவிடும். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் வெகுகாலமாக மைனஸ் 11 போட்டுக்கொண்டிருந்தார். போன வருஷம் அது 12.5 ஆனது. இந்த வருஷம் 14 போட்டும் பலகையில் கடைசி இரண்டு வரி தெரியவில்லை என்கிறார். ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பேப்பரை மூக்கோடு ஒட்டிப் பிடித்தால் பொடி எழுத்துகூட ஓடுகிறது. அந்த வயதில் கிட்டப்பார்வை இப்படி எகிறுவது அபூர்வம். உள்ளே இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி பழுத்து இறுகி, ஒளியைக் கூடுதலாக வளைக்க ஆரம்பித்திருக்கிறது. புரை இப்படியும் வரும். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடச் சில வருஷங்கள் முன்னதாகவே வரும்.

கிருஷ்ணகிரியில் அப்பா ஆரம்பித்த கடை இது. கண் பரிசோதித்துப் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரி படிப்பை முடித்துவிட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதிரி ஆட்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் கெட்டியா ஒரு கண்ணாடி போட்டுக் குடுப்பா." புரை என்று சொன்னால், "சரி, மா சீசன் முடியட்டும்" என்பார்கள். மா முடிந்தால் பையனுக்குக் கல்யாணம். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் முகாம் வண்டியில் போய், மறுநாள் பச்சைத் துணி கட்டித் திரும்பி வந்து, கண்ணாடியே இல்லாமல் பஸ் போர்டு படிக்கிறார். அவருக்கு நடந்ததுதான் நமக்கும் நடக்கும் என்று இவர் நினைத்துக்கொள்கிறார். இங்கேதான் நான் குறுக்கே விழவேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணும் இவர் கண்ணும் ஒரே அளவு இல்லை.

அளவு என்று நான் சொல்வது நீளத்தை. முன்னிருந்து பின்வரை சாதாரணக் கண் 23, 23.5 மில்லிமீட்டர் இருக்கும். 26ஐத் தாண்டினால் நீளக் கண் என்பார்கள். ஒவ்வொரு மில்லிமீட்டர் கூடுதலுக்கும் ஏறக்குறைய இரண்டரை டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) மைனஸ் ஏறும். கண் நீள்கிறதே தவிர உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரைக்குத் துணி கூடுதலாகக் கிடைப்பதில்லை. ஒல்லியானவனுக்கு வெட்டிய துணியைப் பருத்தவனுக்கு இழுத்துத் தைத்தால் எங்கே நைந்துபோகுமோ, அப்படி ஓரங்களிலும் நடுவிலும் அது மெலிந்து நிற்கிறது. புரை ஆபரேஷன் லென்ஸை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைக்கிறது. பவர் போய்விடுகிறது. நீளம் எங்கும் போவதில்லை. அளவெடுப்பதில் வரும் தப்பு, மரப்பு ஊசியின் ஆபத்து, பின்னால் விழித்திரைக்கு வரும் சிக்கல் எல்லாவற்றுக்கும் வேர் அந்த நீளம்தான்.

என் தாய்மாமா காவேரிப்பட்டணத்தில் தையற்கடை வைத்திருக்கிறார். வலது கண் மைனஸ் 14, இடது கண் அதைவிட ஒன்று கூட. ஊசியில் நூல் கோர்ப்பதை அவரிடம் பார்க்கவேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். ஊசியைக் கண்ணுக்கு நாலு விரற்கடைக்குக் கொண்டுவருவார். நூல் முனையை உதட்டில் நனைத்து ஒரு முறுக்கு. அடுத்த நொடி நூல் மறுபக்கம் வந்திருக்கும். இருபது வயதுப் பையன் தடுமாறுகிற இடத்தில் இவர் ஒரே குத்தில் முடிப்பார். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. மைனஸ் 14 கண்ணுக்கு ஏழெட்டு சென்டிமீட்டரில் இருக்கும் பொருள் கண்ணாடியே இல்லாமல் துல்லியமாக விழும். அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பதால் அது பெரிதாகவும் தெரியும். நமக்கெல்லாம் அதற்கு ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். அவருக்குப் பிறவியிலேயே கிடைத்திருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் நானும் போயிருந்தேன். மாமா உட்கார்ந்ததும் முதல் பேச்சே, "கண்ணாடியே இல்லாம பண்ணிடுங்க டாக்டர்." டாக்டர் அதைக் காதில் வாங்காத மாதிரி, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"டெய்லருங்க."

"மிஷின்ல உக்காந்தா ஊசி கண்ணுலருந்து எவ்வளவு தூரம் இருக்கும்?"

மாமா முழங்கையை மடக்கிக் காட்டினார். "ஒரு முழம் இருக்குமுங்க."

"அப்ப அந்த ஒரு முழத்துக்கே வைக்கறேன். ரோட்டுல போறதுக்கு மெல்லிசா ஒரு கண்ணாடி போட்டுக்கங்க."

மாமா என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும், "என்ன மாப்ள, எல்லாருக்கும் கண்ணாடி இல்லாம வைக்கறாங்க, எனக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்றாரே" என்று குறைப்பட்டார். கஞ்சத்தனம் இல்லை. மைனஸ் இரண்டரை மீதி வைத்தால் 40 சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரியும். வாழ்நாள் முழுக்கக் கிட்டத்தில் வேலை பார்த்த மனுஷரைத் திடீரென்று தூரத்துக்கு மாற்றிவிட்டால், எல்லாக் கிட்டப் பார்வைக்கும் ப்ளஸ் கண்ணாடி தேடவேண்டும். சோடாபுட்டிக்காரர்கள் பலர் அதில்தான் நொந்துபோகிறார்கள். ஆபரேஷன் வெற்றி என்று சீட்டில் எழுதியிருக்கும், ஆள் மட்டும் நொந்துகொண்டிருப்பார். அதனால் என்னைக் கேட்டால், டாக்டர் கேட்ட அந்த முழக்கணக்கு, கண்ணை அளக்கும் எந்த மெஷினின் அளவுக்கும் குறைந்ததில்லை.

மெஷின் அளவும் லேசுப்பட்டதில்லை. ஹரோல்ட் ரிட்லி 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் முதன்முதலாகச் செயற்கை லென்ஸை ஒரு கண்ணுக்குள் வைத்தார். லென்ஸ் உட்கார்ந்தது. பவர் தப்பிவிட்டது. அந்தக் கண்ணுக்குப் பத்து டயாப்டருக்கும் மேலான கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது. உலகத்தின் முதல் செயற்கை லென்ஸ்காரரே ஒரு சோடாபுட்டிக்காரர் ஆகிப்போனார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். சரியான பவரைக் கணக்குப் போட ஒழுங்கான சூத்திரங்கள் பிறகுதான் வந்தன. 1980இல் சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் மூவரும் கொடுத்தது சுலபமான ஒன்று: லென்ஸுக்குரிய ஒரு எண்ணிலிருந்து, கண்ணின் நீளத்தை இரண்டரையால் பெருக்கியும் கருவிழியின் வளைவை 0.9ஆல் பெருக்கியும் கழித்துவிடவேண்டியதுதான். சாதாரணக் கண்ணுக்கு விடை 20, 21 என்று வரும். மாமாவுடைய 29.5 மில்லிமீட்டர் கண்ணுக்குத் தூரப்பார்வைக்கென்று போட்டால் ஐந்துக்குக் கீழே வருகிறது.

நீளக் கண்களில் பழைய சூத்திரங்கள் ஒரே பக்கமாகத் தப்பும். லென்ஸ் பவர் கொஞ்சம் குறைவாக வந்து, கண் ப்ளஸ்ஸில் போய் நிற்கும். அளப்பதிலும் ஒரு பொறி உண்டு. இந்தக் கண்களில் பின்சுவர் சில இடங்களில் பை மாதிரி பின்னால் தள்ளியிருக்கும். பழைய அல்ட்ராசவுண்ட் ஏ-ஸ்கேன், பார்வையின் மையப் புள்ளியை விட்டுவிட்டு அந்தப் பையின் அடியைத் தொட்டு அளந்தால் கண் உண்மையைவிட நீளமாகக் காட்டும். அதை நம்பி லென்ஸ் போட்டால் மறுபடியும் ப்ளஸ்தான். இப்போது ஒளியால் அளக்கும் கருவிகளில், நோயாளி ஒரு வெளிச்சப் புள்ளியை உற்றுப் பார்க்க, அளவு மையத்துக்கே போகிறது. கணக்குக்கும் பேரட் யூனிவர்சல் 2 மாதிரி புதிய சூத்திரங்கள் இருக்கின்றன. பழையவற்றுக்கு வாங், காக் இருவரும் 2011இல் கொடுத்த திருத்தமும் இருக்கிறது. புரை முற்றி வெள்ளையாகிவிட்டால் ஒளி உள்ளே போகாது, மறுபடி அல்ட்ராசவுண்டுதான். மா சீசன், கல்யாணம் என்று தள்ளிப்போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊத்தங்கரைப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருவார். மைனஸ் 11 போட்டவர். ஆபரேஷன் முடிந்து கடைக்கு வந்தபோது நான் பார்த்த பவர் ப்ளஸ் 2.5. "தூரமும் கிட்டமும் ரெண்டும் போச்சுப்பா. முன்னாடி புத்தகத்தையாவது கிட்ட வச்சுப் படிச்சேன்" என்றார். கண் சுத்தமாக இருந்தது, தையல் பிரச்சினை இல்லை, புண் இல்லை. கணக்கு மட்டும் பிசகியிருந்தது. இரட்டைக் கண்ணாடி போட்டுக் கொடுத்தோம், சமாளிக்கிறார். அடுத்த கண்ணுக்குப் போகும்போது முதல் கண்ணில் வந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கணக்கைத் திருத்தச் சொல்லி அனுப்பினேன். இரண்டாவது கண்ணுக்கு முதல் கண் ஒரு பாடம், டாக்டர்களே அப்படித்தான் பார்ப்பார்கள்.

சாதாரணமாகக் கையிருப்பில் இருப்பது பலருக்கும் பொருந்தும் பவர்கள். ப்ளஸ் 5, 8 எல்லாம் சொல்லி வரவழைக்கவேண்டியிருக்கும். மாமாவுக்கும் லென்ஸ் வரக் காத்திருந்தோம். இன்னும் நீளமான கண்களுக்குச் சுழியம் பவரும், மைனஸ் பவரும்கூட உண்டு. பவரே இல்லாத லென்ஸை எதற்கு வைக்கவேண்டும் என்று கேட்பார்கள். அது உள்ளே ஒரு தடுப்பாக நிற்கிறது. பின்னாலிருக்கும் கண்கூழ் முன்னுக்குத் தள்ளிவராமலும், லென்ஸ் உட்காரும் உறையின் பின்பக்கமான பின்பை சீக்கிரம் மங்கிப்போகாமலும் பார்த்துக்கொள்கிறது.

மரப்பு விஷயம். கண்ணைச் சுற்றி ஊசி போடுவது நெடுநாள் வழக்கம். கண் நீளமாக, பின்சுவர் மெலிந்து இருந்தால் அந்த ஊசி கண்ணையே துளைத்துவிடும் ஆபத்து கூடுதல். அதனால் நீளக் கண் என்று தெரிந்தால் சொட்டு மருந்தால் மரக்கவைப்பார்கள், அல்லது முனை மழுங்கிய குழாயால் வெளிச் சவ்வுக்கடியில் மருந்து விடுவார்கள். மாமாவுக்குச் சொட்டுதான். "ஊசியே போடல மாப்ள, ஆனா நடுவுல ஒரு நேரம் கண்ணை உள்ளுக்குப் புடிச்சு இழுத்த மாதிரி ஒரு வலி" என்றார். டாக்டரிடம் கேட்டேன். நீளக் கண்ணில் தண்ணீர் உள்ளே பாயும்போது கண் பாப்பாவைச் சுற்றியிருக்கும் கருமணித்திரையும் லென்ஸும் சேர்ந்து பின்னுக்கு அமுங்கும், அதற்கு முன்னாலிருக்கும் கண்ணின் முன்னறை திடீரென்று ஆழமாகிவிடும், அப்போது வலிக்கும். கருமணித்திரையைக் கருவியால் லேசாகத் தூக்கிவிட்டால் அழுத்தம் சமமாகி லென்ஸ் மேலே வந்துவிடும். சில நொடி வேலை. தெரியாதவர் கையில் அதுவே பதற்றமாகிவிடும்.

கட்டுப் பிரித்த அன்று மாமா கடைத் துணிகளையெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தாராம். வெள்ளைச் சட்டைத் துணி இத்தனை நாள் அவருக்குப் பழுப்பாகத் தெரிந்திருக்கிறது. எல்லாம் பெரிதாகவும் தெரிந்தது. அதுவும் கணக்குதான். மைனஸ் 14 கண்ணாடி உலகத்தை ஏழில் ஒரு பங்கு சுருக்கிக் காட்டும். கண்ணாடி போனதும் உலகம் தன் அளவுக்குத் திரும்பியது. தொல்லை என்னவென்றால் ஒரு கண்ணுக்கு மட்டும் திரும்பியது. வலது கண்ணுக்குக் காலர் ஒரு அளவு, இடது கண்ணுக்கு இன்னொரு அளவு. பழைய ஃப்ரேமில் வலது பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துப் பார்த்தோம். வழக்கமாக எல்லாக் கடையிலும் செய்வதுதான். மாமாவுக்குத் தலை சுற்றியது, படி இறங்கும்போது கால் தேடியது. ஆபரேஷன் ஆகாத கண்ணுக்கு கான்டாக்ட் லென்ஸ் போட்டதும்தான் அடங்கியது. அதிக மைனஸ்காரர்கள் ஒரு கண்ணோடு நிறுத்திக்கொள்ள முடியாது என்பதை முதல் கண்ணுக்குப் போகும்போதே வீட்டில் பேசி, பணமும் நாளும் ஒதுக்கிக்கொள்ளவேண்டும். சில வாரங்களில் அடுத்த கண்ணையும் முடித்தார்.

அந்த இடது கண் வலதைப்போல வரவில்லை. வராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்ததில் விழித்திரையின் நடுப்பகுதியில் ஒரு மெலிந்த திட்டு இருந்தது, நீளக் கண்ணின் பழைய கடன். புரையை எடுத்தால் முன்னாலிருந்த மங்கல் போகும், பின்னாலிருக்கும் சேதம் சேதமாகவே இருக்கும். வலது கண்ணில் கடைசி வரி, இடது கண்ணில் 6/18, அதாவது மற்றவர்கள் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்கமுடியும். முன்கூட்டியே தெரிந்திருந்ததால் வீட்டில் யாரும் டாக்டரைத் திட்டவில்லை. இப்படி நடுப்பகுதி கெட்ட கண்ணுக்கு, தூரம் கிட்டம் எல்லாம் ஒரே லென்ஸில் என்று விற்கும் மல்டிஃபோகல் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. ஒளியைப் பங்கு போடுகிற லென்ஸ் அது. இருக்கிற பார்வையே குறைச்சலாக இருக்கும்போது பங்கு போட என்ன இருக்கிறது?

மாமாவுக்கு ஊசிக் காது மட்டும் இப்போது தெரியவில்லை. ஒரு முழத்தில் துணி, தையல், டேப் எண் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. நாலு விரற்கடையில் எல்லாம் மங்கல். அந்த இயற்கைப் பூதக்கண்ணாடி புரையோடு சேர்ந்து போய்விட்டது. இதை எந்த ஆஸ்பத்திரித் தாளிலும் சிக்கல் என்று எழுதமாட்டார்கள். ஆனால் தையற்காரர், நகைப் பட்டறைக்காரர், கடிகாரம் பழுதுபார்ப்பவர் மாதிரி ஆட்களுக்கு இது நிஜமான இழப்பு. மாமாவுக்கு ஊசி கோர்க்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதைத் தொடமாட்டேன் என்கிறார். கடைப் பையனைக் கூப்பிடுகிறார்.

பெரிய பயம் விழித்திரை பிரிவது. இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1890 வாக்கில் வின்சென்ஸ் ஃபுக்காலா என்ற மருத்துவர், அதிகக் கிட்டப்பார்வை உள்ள இளைஞர்களுக்குப் புரை இல்லாத, தெளிந்த லென்ஸையே எடுத்துப் பார்த்தார். கணக்கு சரிதான். மிக நீளமான கண்ணில் லென்ஸ் இல்லாவிட்டால் பவர் சுழியத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். கண்ணாடி போனது. ஆனால் இப்படி லென்ஸ் எடுத்த கண்களில் விழித்திரை பிரிவது அதிகமாக இருந்ததால் அந்தச் சிகிச்சையே கைவிடப்பட்டது. இன்றைய நுண்துளை ஆபரேஷனில் ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. இருந்தாலும் சாதாரணக் கண்ணைவிட நீளக் கண்ணில் அது கூடுதல். ஐம்பது, அறுபதுக்குள் ஆபரேஷன் செய்துகொள்பவர்கள், அதிலும் ஆண்கள், ஆபரேஷனில் பின்பை கிழிந்தவர்கள், விழித்திரையின் ஓரத்தில் ஏற்கெனவே மெலிந்த வலைத்திட்டு உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அதனால்தான் முதலில் சொட்டு விட்டுக் கண் பாப்பாவை விரித்து ஓரம்வரை பார்ப்பதும், கிழிசல் இருந்தால் முன்பே லேசர் வைப்பதும். இது ஒரு மாதம் இரண்டு மாதத்தில் தீர்ந்துபோகும் ஆபத்தும் இல்லை. வருஷங்கள் கழித்தும் வரும்.

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி மண்டியில் வேலை பார்ப்பவர் ஒருவர், ஆபரேஷனாகி ஒரு வருஷத்துக்கு மேலிருக்கும், கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கச் சொல்லி வந்தார். துடைத்துக் கொடுத்தேன். "இன்னும் ஓரத்துல அழுக்கு இருக்கே" என்றார். கண்ணாடியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடச் சொல்லி என் மூக்கைப் பார்க்கச் சொன்னேன். விரலை நாலு பக்கமும் ஆட்டினேன். கீழ்ப்பக்கம் ஆட்டிய விரல் அவருக்குத் தெரியவில்லை. கேட்டபோதுதான் வந்தது: ஒரு வாரமாகக் கண்ணுக்குள் கொசு பறக்கிறதாம், ராத்திரியில் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறதாம். "புது லென்ஸ் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்." அன்றைக்கே பெங்களூருக்கு அனுப்பினோம். உள்ளே எண்ணெய் வைத்து ஒட்டினார்கள். பார்வை ஓரளவு திரும்பியது. மையப்பகுதி பிரிவதற்கு முன்னால் போய்விட்டால் கிடைப்பது அதிகம், அதற்கு நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்குதான். இன்னொன்று, எண்ணெய்க்குப் பதில் வாயு வைத்திருந்தால் அது கரையும்வரை விமானம் ஆகாது, மலையேற்றமும் ஆகாது. உயரம் கூடக்கூட வாயு விரிந்து கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். சேலத்தில் வாயு வைத்துக்கொண்டு அப்படியே ஏற்காடு போய் ஓய்வெடுக்கலாம் என்று கிளம்பக் கூடாது.

சொட்டு மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு, அதிக மைனஸ் உள்ள சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். அவர்களுக்குக் க்ளாக்கோமா (கண் நரம்பைக் கெடுக்கும் நோய்) வாய்ப்பும் கூடுதல். எரிச்சலுக்கு நல்லது என்று பழைய பாட்டிலை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பவர்களைக் கடையில் பார்க்கிறேன். மருந்துக்கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள் என்பது தனிக் கோபம், அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து சோடாபுட்டி போனதும், இவர் நீளக் கண்காரர் என்பதற்கு வெளியே ஒரு அடையாளமும் மிஞ்சுவதில்லை. மாமா இப்போது மைனஸ் 2.5 போட்டு நடக்கிறார், பார்ப்பவர்களுக்குச் சாதாரணக் கண்ணாடி. பத்து வருஷம் கழித்து வேறு ஊரில், வேறு டாக்டரிடம், 'கண்ணில் பூச்சி பறக்கிறது' என்று போனால் அவருக்கு மைனஸ் 14 கதை தெரியாது. அதனால் கடைக்கு வரும் அதிக மைனஸ்காரர்களுக்கு, ஆபரேஷனுக்கு முந்தைய கடைசிப் பவரை ஒரு அட்டையில் எழுதி, தேதி போட்டு, லென்ஸ் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்கிறேன். லென்ஸ் கார்டு என்பது ஆஸ்பத்திரியில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கும் சின்ன அட்டை. பெரும்பாலானவர்கள் பில்லோடு சேர்த்துத் தொலைத்துவிடுவார்கள். அதில் ப்ளஸ் 8 என்றிருந்தால், தெரிந்த டாக்டருக்கு அந்த எண்ணே கண்ணின் நீளத்தைச் சொல்லிவிடும். மாமாவுடைய உறை தையல் மிஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்குக் கீழே இருக்கிறது. அத்தைக்கும் இடம் தெரியும்.